பேர் வெட்டிய தூக்குச்சட்டி

நவம்பர் 29, வெள்ளி

எதிர் வீட்டுக்கு ஒரு வழியாக ஆள் வந்துவிட்டது. வீட்டுக்காரர் சென்னையில் உட்கார்ந்துகொண்டு புரோக்கர் மூலமாகவே வாடகைக்கு விட்டிருக்கிறார். தெருவில் ஒருத்தரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர்தான். ஒரு குட்டி யானை வண்டியில் கட்டில், பீரோ, கிரைண்டர் வந்து இறங்கின. காலையிலேயே பால் காய்ச்சிவிட்டார்களாம். ஒருத்தரையும் கூப்பிடவில்லை.

சரி, நம் மரியாதையை நாம் காப்பாற்றிக்கொள்வோம் என்று எலுமிச்சைச் சாதம் கிளறி, என் பேர் வெட்டிய எவர்சில்வர் தூக்குச்சட்டியில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் வாங்கிக்கொண்டு சிரித்தாள். "கழுவித் தாரேன்க்கா" என்றாள். பேச்சைப் பார்த்தால் திருநெல்வேலிப் பக்கம். உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, அட்டைப் பெட்டிகள்தான்.

விசாலி (பக்கத்து வீடு) கேட்டாள், "ஆளுங்க எப்படிக்கா?" "பாத்தா சாதுவாத்தான் இருக்காங்க, போகப் போகத் தெரியும்" என்றேன். இருபத்திரண்டு வருஷமாக இந்த மூன்றாம் குறுக்குத் தெருவில் இருக்கிறேன். யார் வீட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடுவேன். கருவூல அலுவலகத்தில் பாதி ஆயுள் ஓட்டியவளுக்கு ஆளைப் படிக்கத் தெரியாதா?

டிசம்பர் 2, திங்கள்

தூக்குச்சட்டி இன்னும் வரவில்லை. எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பாத்திரம் போனால் வெறுமனே திரும்பாது. ஒன்றும் இல்லையென்றால் ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அந்த ஊரிலும் இதெல்லாம் இருக்கும்தானே?

கோலம் போடுகிறாள். சின்னதாக, நாலு புள்ளிக் கோலம். பரவாயில்லை.

டிசம்பர் 4, புதன்

ஐந்தாம் குறுக்கில் காலையில் பால் வாங்கப் போன ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பைக்கில் இரண்டு பேர். கழுத்தில் காயமாம். நம் வாட்ஸ்அப் குழுவில் ("மூன்றாம் குறுக்கு குடும்பம்", நான்தான் அட்மின்) காலையிலிருந்து நூறு செய்தி. கோதண்டம் சார், நலச்சங்கச் செயலாளர், போட்டிருக்கிறார்: "புதிய நபர்கள் நடமாட்டத்தைக் கவனிக்கவும்."

எல்லோருக்கும் ஒரே புதிய நபர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. "எதிர் வீட்டில் கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது" என்று மட்டும் போட்டேன். உள்ளதைத்தானே சொன்னேன்.

டிசம்பர் 7, சனி

விடிந்தும் விடியாமல் எதிர் வீட்டில் தடதடவென்று சத்தம். ஜன்னலில் பார்த்தேன். அவள் தலைகூட வாராமல், சேலையை ஏதோ சுற்றிக்கொண்டு, அவனோடு ஓட்டமும் நடையுமாகப் போகிறாள். வீட்டைப் பூட்டியதுகூடச் சரியாகப் பூட்டவில்லை. அவன் திரும்பி வந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான். யாரிடமும் ஒரு சொல் இல்லை.

தெருவே விவாதம். விசாலி வீட்டுக்காரர், "போலீஸ் தேடுதுன்னு தகவல் வந்திருக்கும்" என்றார். எங்கள் வீட்டுக்காரர் மட்டும், "யாருக்கோ உடம்பு சரியில்லையோ என்னமோ, கேட்டுத்தான் பாரேன்" என்றார். இவருக்கு எல்லோரும் நல்லவர்கள். நாளைக்கு ஒருத்தன் பீரோவைத் தூக்கிக்கொண்டு போனாலும் கனமாக இருக்குமே, ஒரு கை கொடுக்கட்டுமா என்று கேட்பார்.

டிசம்பர் 10, செவ்வாய்

திரும்பிவிட்டார்கள். சத்தமே இல்லாமல்.

வாசல் தெளிக்கவில்லை. கோலமும் இல்லை.

டிசம்பர் 11, புதன்

மத்தியானம் அவள் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்றேன். வரவில்லை. கேட்டைத் தொடக்கூட இல்லை. கண் வீங்கியிருந்தது. "அக்கா, ஒரு விசயம்..." என்று ஆரம்பித்தாள். எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியதோ, "தூக்குச்சட்டிதானே? அவசரமில்லம்மா, மெதுவா குடு" என்று கொஞ்சம் வெடுக்கென்றே சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிவிட்டது. அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன்.

அப்புறமும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். ஜன்னலையும் மாடியையும் பார்த்துக்கொண்டு. என்ன பார்வை அது? விசாலியிடம் சொன்னேன். "நோட்டம் விடுறாக்கா" என்றாள்.

(அடுப்பில் பால் இல்லை. காலையிலேயே காய்ச்சி இறக்கிவிட்டேன்.)

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். தெரு முழுக்க அகல் விளக்கு. கண் கொள்ளவில்லை. எதிர் வீடு மட்டும் இருட்டு. ஒரே ஒரு விளக்குக்கூட வைக்கவில்லை. வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி இருந்தது. உள்ளே ஆள் இருக்கிறது, டியூப் லைட் எரிகிறது, ஆனால் வாசலில் விளக்கு இல்லை.

கோதண்டம் சார் பெண்டாட்டி பொரி உருண்டை கொண்டுபோய்க் கொடுத்தாளாம். கையை நீட்டாமல், "வேண்டாம்க்கா, இப்ப வாங்கக் கூடாது" என்றாளாம். என்ன திமிர் பாருங்கள். குழுவில் பொரி உருண்டை விஷயம்தான் இரவு வரைக்கும் ஓடியது. நானும் நாலு வார்த்தை எழுதினேன்.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்தது. பதினைந்து புள்ளியில் தேர்க்கோலம் போட்டேன், இடுப்பு போய்விட்டது. எதிரில் காய்ந்த தரை.

அவன் தாடி வளர்க்கிறான். காலையில் வேலைக்குப் போகும்போது பார்த்தேன், சரியான ரவுடி மாதிரி இருந்தது முகம். காலில் செருப்பு இல்லை. வந்த அன்றைக்கு மழமழவென்று இருந்தவன். அடையாளம் மாற்றுகிறான் என்று விசாலி வீட்டுக்காரர் சொல்கிறார். இருக்கலாம். வேறு எதற்கு ஒருத்தன் திடீரென்று தாடி வைப்பான்?

டிசம்பர் 18, புதன்

பிள்ளையார் கோயில் மேடையில் சங்கக் கூட்டம். இந்த மாதிரிக் கூட்டத்துக்கு இருபது பேர் வந்து நான் பார்த்ததே இல்லை. பேசப் பேச எல்லோருக்கும் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. கேமரா போடவேண்டும், கேட் போடவேண்டும் என்றார்கள். கடைசியில் முடிவு: எதிர் வீட்டை நான் கவனிக்க வேண்டும், நேர் எதிரே மாடி எனக்குத்தான் இருக்கிறது. மூட்டை முடிச்சோடு கிளம்பினால் உடனே குழுவில் போட வேண்டும்.

பெருமையாகத்தான் இருந்தது. நம் தெரு மாதிரி ஒற்றுமை எந்தத் தெருவில் இருக்கிறது? போன வருஷம் விசாலியின் மாமியார் செத்துப்போனபோது மூன்று நாள் அவள் வீட்டு அடுப்பை நாங்கள் பற்றவைக்க விடவில்லை. நான்தான் இட்லி அனுப்பினேன். யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாக நிற்பவள் நான்.

டிசம்பர் 19, வியாழன்

விசாலியின் இரும்பு வாளியைக் காணோம் என்று காலையில் ஒரே கூச்சல். குழுவில் போட்டோ போட்டாள். மத்தியானம் வாளி அவள் வீட்டு மொட்டை மாடியிலேயே கிடைத்துவிட்டது. "கெடச்சிருச்சின்னு போடலையா?" என்று கேட்டேன். "விடுங்கக்கா, எச்சரிக்கையா இருந்தா நல்லதுதானே" என்றாள். அதுவும் சரி என்றுதான் எனக்கும் பட்டது.

டிசம்பர் 21, சனி

சாயங்காலம் நடந்தது. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டில் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். அவன் தோளில் பெரிய பை, கையில் துணி சுற்றிய சதுரமான ஒரு சாமான். அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். "மூட்டையோடு கிளம்புகிறான். சீக்கிரம்."

ஐந்து நிமிஷத்தில் தெருமுனையில் எட்டுப் பத்துப் பேர் மறித்துவிட்டார்கள். கோதண்டம் சார் பையைத் திறக்கச் சொன்னார். "எதுக்குத் தெறக்கணும்? பஸ்ஸுக்கு நேரமாவுது, வழி விடுங்க" என்று அவன் கத்தினான். ஒருத்தன் சட்டையைப் பிடித்தான். அதற்குள் போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் யார் தகவல் கொடுத்தது என்று கேட்க, கோதண்டம் சார் மாடியில் நின்ற என்னைக் காட்டினார். அவர் கீழேயிருந்தே என்னோடு போனில் பேசினார். கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

பையில் புது வேட்டி துண்டு, ஒரு பொட்டலம் எள், பித்தளைச் செம்பு. துணியைப் பிரித்தால் கண்ணாடி போட்ட ஏதோ படம். சாமி படமாக இருக்கும்.

ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் நடுத்தெருவில் நின்று அந்தப் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். எங்கள் வீட்டுக்காரர் செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினார். ஒரு ஆட்டோ பிடித்து அவளை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். போகும்போது மேலே என்னை ஒரு தடவை பார்த்தார்.

நான் கீழே இறங்கவில்லை. துணி எடுக்க வேண்டியிருந்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

இன்று கோலம் போடவில்லை. தலைவலி.

டிசம்பர் 23, திங்கள்

எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

இவர் நேற்று மத்தியானம்தான் ஸ்டேஷனிலிருந்து வந்தார். குளித்தார். சாப்பிடவில்லை. தட்டை வைத்தேன், தள்ளிவிட்டார். நாற்பது வருஷத்தில் இவர் தட்டைத் தள்ளி நான் பார்த்ததில்லை.

"அது சாமி படம் இல்ல சுலோச்சனா, அவரு அப்பா படம்" என்றார். "செத்துப் பதினாறாம் நாள் இன்னிக்கு. ஒரே மகன். கருமாதிக்குத்தான் கிளம்பியிருக்காரு. ராத்திரி பூரா பெஞ்சுல உக்கார வச்சாங்க. இன்ஸ்பெக்டர் வந்து விசாரிச்சு விடும்போது பதினோரு மணி. அவங்க ஊரு சங்கரன்கோவில்ல அந்நேரம் எல்லாம் முடிஞ்சிருச்சு. பங்காளிப் பையன் யாரோ செஞ்சிருக்கான்."

ஏழாம் தேதி விடியற்காலை ஓடியது. அப்புறம் கோலம் இல்லை. வாசலில் விளக்கு இல்லை. பொரி உருண்டையை வாங்கவில்லை. தாடி. செருப்பில்லாத கால். எத்தனை சாவு வீடு பார்த்திருக்கிறேன்! சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லியிருக்குமே, துக்க வீடு என்று. தெரிந்தவர்கள் வீட்டு வாசலில் ஒரு நாள் கோலம் இல்லையென்றால், "என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டு ஓடியிருப்பேன். இந்த வாசலைப் பார்த்து எனக்குத் திருடன்தான் தோன்றினான். சீ! என்ன மனுஷி நான்!

"வேலைக்குச் சேந்து ஒரு மாசம்கூட ஆகலையாம், மொத்தமா லீவு குடுக்க மாட்டாங்களாம். அதான் எடுத்துப்போட்டுட்டு உடனே வந்திருக்காங்க" என்றார் இவர். "அவரு பேரு கோமதிநாயகம்."

பேர் கேட்கவில்லை நான். வந்த நாளிலிருந்து "எதிர் வீடு", "அவன்", "அவள்".

இன்னொன்றும் இருக்கிறது. சப்-இன்ஸ்பெக்டர் போனில் கேட்டார், "சந்தேகப்படுற மாதிரி என்னம்மா பாத்தீங்க?" நான் சொன்னேன்: "எங்க வீட்டை ரெண்டு மூணு தடவை நோட்டம் விட்டான் சார்." அவன் ஒரு நாளும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. நின்றது அவள். ஒரு தடவை. ஏன் அப்படிச் சொன்னேன்? எல்லோரும் அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்த மனுஷரை ராத்திரி முழுக்க வைத்திருந்தார்கள். இது இவருக்குத் தெரியும். ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

டிசம்பர் 26, வியாழன்

சங்கிலி அறுத்தவர்கள் அகப்பட்டுவிட்டார்கள். எங்கேயோ கரூர்ப் பக்கம் இரண்டு பையன்கள். குழுவில் கோதண்டம் சார் செய்தியைப் போட, கட்டை விரல் முப்பது விழுந்தது. எதிர் வீட்டைப் பற்றி ஒருத்தர் மூச்சு விடவில்லை. "அந்தப் படத்தைப் பாத்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சும்மா, ஆனா நம்ம பாதுகாப்புக்குத்தானே செஞ்சோம்" என்று தெருவில் கோதண்டம் சார் என்னிடம் சொன்னார். பார்த்தும் ஜீப்பை நிறுத்தவில்லையே என்று கேட்க வாய் வரை வந்தது. எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நான் போட்ட அந்தப் போட்டோவை அழிக்கப் போனேன். நாள் ஆகிவிட்டதாம். "எனக்கு மட்டும் நீக்கு" என்றுதான் வருகிறது. அழுத்தினேன். என் போனில் இல்லை. மற்ற எல்லோர் போனிலும் அந்த மனுஷர் தோளில் பையோடு நின்றுகொண்டிருக்கிறார்.

நடந்ததை ஒளிக்காமல் குழுவில் எழுதிவிடலாம் என்று மூன்று தடவை தட்டினேன். மூன்று தடவையும் அழித்துவிட்டேன். கோழை.

டிசம்பர் 29, ஞாயிறு

துக்கம் கேட்கப் போனேன். இவரைக் கூட வரச் சொன்னேன். "நீ போய்ட்டு வா, நீ சொன்ன சொல்லு அது" என்றுவிட்டார்.

கம்பிக் கதவு பூட்டியிருந்தது. அவள் வந்தாள், பூட்டைத் திறக்கவில்லை. உள்ளே அவர் மொட்டைத் தலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

"தெரியாம நடந்து போச்சும்மா. மன்னிச்சிரு" என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அன்னைக்கு உங்க கேட்டுல வந்து நின்னது அதச் சொல்லத்தான்க்கா. தீட்டோட உள்ள வரக் கூடாதுல்லா, அதான் வெளியவே நின்னேன். இந்த ஊர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. சோறு தந்தியள்லா, உங்ககிட்டச் சொல்லி ஒரு பாட்டம் அழுதா நெஞ்சு பாரம் கொறையும்னு நெனச்சேன். நீங்க பாலு இருக்குன்னு போயிட்டிய."

அவள் அடுப்படிப் பக்கம் கை காட்டினாள்.

"தூக்கு என்கிட்டத்தான் இருக்கு. வெறுமனே தரக் கூடாது. சாவு வீட்டுல பொங்கினதப் போட்டும் தரக் கூடாது. காரியம் முடிச்சிட்டு வரும்போது ஊர்ல இருந்து கருப்பட்டி வாங்கியாந்து அதுல போட்டுத் தரணும்னு இருந்தேன். அவியகிட்ட வீட்டப் பூட்டும் முன்னயே சொல்லி வச்சிருந்தேன்க்கா, கருப்பட்டி மறந்துரக் கூடாதுன்னு."

"அம்மா, உன் பேர் என்னன்னுகூட நான்..." என்று இழுத்தேன்.

"உங்க பேரு எனக்குத் தெரியும்க்கா. தூக்குல வெட்டியிருக்குல்லா. தெனமும் அடுப்படியில பாத்துக்கிட்டேதான் இருந்தேன்." பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். "எம் பேரு இனி என்னத்துக்கு?"

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் வந்தேன். முறைப்படி செய்தது அது ஒன்றுதான்.

டிசம்பர் 30, திங்கள்

ஸ்டேஷனுக்குப் போனேன். நான் சொன்னது பொய் என்று எழுதித் தருகிறேன் என்றேன். "அதான் விட்டாச்சேம்மா, வீட்டுக்குப் போங்க" என்று சிரித்தார்கள்.

சாயங்காலம் குழுவில் போட்டுவிட்டேன். நான்கே வரி. அவர் எங்கள் வீட்டை நோட்டம் விடவில்லை, நான் பொய் சொன்னேன், அப்பாவுக்குக் கடைசிக் காரியம் செய்யப் போனவரை நாம் மறித்தோம் என்று. எல்லோரும் படித்துவிட்டதாக நீலக் கோடு வந்துவிட்டது. பதில் ஒன்றுகூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்து விசாலி ஒரு காலை வணக்கம் படத்தைப் போட்டாள், சாயங்காலத்தில்.

ஜனவரி 4, சனி

மார்கழியில் யாராவது வீடு மாற்றுவார்களா? தை பிறக்கட்டும் என்று பத்து நாள் பொறுக்க மாட்டார்களா? பொறுக்கவில்லை. காலையில் அதே குட்டி யானை வந்து நின்றது. கட்டில், பீரோ, கிரைண்டர். தெருவில் அத்தனை வாசலிலும் பெரிய பெரிய கோலம். அத்தனை கதவும் சாத்தியிருந்தது. இவர் மட்டும் போய்ப் பீரோவுக்குக் கை கொடுத்தார். அந்த மனுஷர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். பார்ப்பதற்குத்தானே என்னை நியமித்திருந்தார்கள்.

வண்டி போன பிறகு கேட்டைத் திறந்தேன். எங்கள் காம்பவுண்டுச் சுவர் மேல் தூக்குச்சட்டி இருந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. வாங்கிய நாளில்கூட அப்படி இருந்ததில்லை. மூடி இறுக்கமாக மூடியிருந்தது. தூக்கியதும் கனமில்லை என்று தெரிந்துவிட்டது, இருந்தாலும் மனசு கேட்கவில்லை. சமையலறைக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்தேன். கையை விட்டு அடிவரை தடவினேன். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு சிட்டிகை சர்க்கரைகூட இல்லை.

"என்ன போட்டுக் குடுத்திருக்காங்க?" என்று இவர் கூடத்திலிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க" என்றேன்.